மூன்றாவது அளவு

"கல்யாணமான புதுசுல பொண்டாட்டியை ஜிம்முக்குக் கூட்டிட்டுப் போனேன், டாக்டர். அளக்கற இடுக்கியால அவ வயித்துச் சதையைக் கவ்விப் பார்த்துட்டு, முப்பது மில்லிமீட்டர் கொழுப்புன்னாங்க. ஸ்கேன்ல பதினாலுதான்னு வந்துச்சு. எதை நம்பறது?" என்றான் கணவன்.

"ரெண்டையும் நம்பலாம். இடுக்கி, தோலை மடிச்சுக் கவ்வறதால ரெட்டிப்பாக் காட்டும்," என்றார் டாக்டர், கையைத் துடைத்தபடி. "அதுக்கப்புறம்?"

"ஒல்லியாகணும்னு ஒத்தக்கால்ல நின்னா. சாப்பாட்டை அவளேதான் குறைச்சா. கெஞ்சிப் பார்த்தேன், கேட்டாத்தானே?"

"இன்னிக்கு நான் அளந்தேன். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை."

அவன் நெற்றியைச் சுருக்கினான். "இடுக்கியிலயா, ஸ்கேன்லயா?"

"ரெண்டுலயும் இல்லை. தோலை வெட்டி, ஸ்கேல் வச்சுப் பார்த்தேன். பிணவறையில அப்படித்தான் அளப்போம்."

அவன் தலைகுனிந்தான். "விதி, டாக்டர். பிடிவாதத்தாலயே போய்ச் சேர்ந்துட்டா."

"வயித்தையும் திறந்து பார்த்தேன்." டாக்டர் கை துடைத்த துண்டை மேசையில் எறிந்தார். "உள்ள தலையணைப் பஞ்சு இருந்துச்சு. டயட்ல இருக்கறவ பசி தாங்காம பஞ்சைத் தின்பாளா? சமையலறைக்குப் போக முடியாதபடி அவளைப் பூட்டி வச்சது யாரு?"

அவன் சட்டென்று எழுந்தான். வாசலில் நின்ற இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.