ப்ளீஸ், மேடம்

"இருபது நிமிஷம் நீங்க என் அறையிலயே உக்காருங்க. வகுப்பை நான் பாத்துக்கறேன்."

ஜூலை பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடத்திற்குத் தலைமையாசிரியை இவ்வாறு கூறினார். அவருடைய மேசையின்மேல் மூன்று புகார்க் கடிதங்களும், கையெழுத்து மட்டும் பாக்கியிருந்த ஓர் ஆணையும் இருந்தன. எதிரே நின்றிருந்தவர், இரண்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்க ஜூன் மாதம் சேர்ந்த புது டீச்சர்.

புகார்கள் மூன்றும் ஒன்றையே சொல்லின. ஆங்கில வகுப்பில் பிள்ளைகள் பந்து பிடிக்கிறார்கள், தவளைபோல் தாவுகிறார்கள், பெஞ்சுக்கடியில் ஒளிகிறார்கள். நோட்டில் ஒரு வரிகூட இல்லை. பக்கத்து வகுப்புக் கணக்கு ஆசிரியர் தமக்குத் தலைவலி வந்த தேதிகளையே வரிசையாகக் குறித்துக் கொடுத்திருந்தார். ஆணையில் கையெழுத்து விழுந்தால் விளையாட்டு நின்றுவிடும். அதற்கென்றே சேர்க்கப்பட்ட டீச்சரின் வேலையும் அந்த மாதத்தோடு முடிந்துவிடும்.

டீச்சர் வாதாடவில்லை. பிள்ளைகளுக்கு ஏதாவது வேலை கொடுத்துவிட்டு வர ஐந்து நிமிடம் மட்டும் கேட்டார். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அனுமதித்தார்.

பள்ளியில் தலைமையாசிரியைக்கு முற்றுப்புள்ளி என்று பெயர். அவர் நுழைந்த இடத்தில் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். அது அவருக்கும் தெரியும். அதில் அவருக்கு மனக்குறை ஏதும் இல்லை.

ஆனாலும், இரண்டாம் வகுப்பின் கதவைத் திறந்ததும் அவரே சற்றுத் திகைத்தார். தாவல் இல்லை, தவளை இல்லை. முப்பத்திரண்டு பிள்ளைகளும் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் பக்கத்திலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"குட் மார்னிங், மேடம். ப்ளீஸ் சிட் டவுன்."

முழு வாக்கியம், மரியாதையும் சேர்ந்து. தலைமையாசிரியை உட்கார்ந்தார்.

உடனே கதவுப் பக்கத்திலிருந்து இன்னொருவன் எழுந்து, "ப்ளீஸ் ஓபன் விண்டோ, மேடம்" என்றான். விண்டோவுக்கு முன்னால் வரவேண்டிய 'த' (the) எங்கே போயிற்று என்று அவர் அதட்டினார். பையன் 'த'வைச் சேர்த்துத் திருத்திச் சொன்னான். அதன் பிறகே அவர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். பாவம், பிள்ளைகளுக்குப் புழுக்கமாக இருந்திருக்கும்.

பிறகு கரும்பலகையில் தேதியை எழுதும்படி ஒருத்தி கேட்டுக்கொண்டாள், எழுதினார். கைக்கடிகாரத்தைக் காட்டும்படி ஒருவன் வேண்டினான்; காட்டினார். தங்களை எண்ணும்படி ஒரு குரல், சுவரிலிருந்த படத்தைத் தொடும்படி இன்னொரு குரல், அதன் பெயரைச் சொல்லும்படி மூன்றாவது குரல். அறிவுப் பசி என்று எண்ணிக்கொண்டு அவர் அவை அத்தனையும் செய்தார். சரியாகப் பேசிய தோழிக்குக் கை தட்டும்படி கேட்டபோது தட்டினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றும்படி கேட்டபோது, குழந்தைகள் தம் முகத்தை நன்றாகப் பார்க்க விரும்புகிறார்கள் போலும் என்று நினைத்துக் கழற்றினார். "ப்ளீஸ் ஸ்மைல், மேடம்" என்று கேட்டபோதுதான் சிறிது நேரம் பிடித்தது. பழக்கமில்லாத காரியம்.

இத்தனையிலும் அவர் மனத்தைக் கவர்ந்தது ஒழுங்குதான். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று முறை தவறாமல் எழுந்தார்கள்; இருவர் ஒரே நேரத்தில் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு முறையும் முதல் பெஞ்சுக்காரர்கள் குனிந்து நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்கள். நோட்டில் ஒரு வரிகூட இல்லை என்று எழுதிய பெற்றோர் இதை வந்து பார்க்க வேண்டும்.

பதினொன்று ஐந்துக்கு டீச்சரை அழைத்துவர ஆள் அனுப்பினார். டீச்சர் உள்ளே வந்து, கரும்பலகையில் இருந்த தேதியையும் திறந்திருந்த ஜன்னலையும் தலைமையாசிரியையின் கையிலிருந்த கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாத்தீங்களாம்மா? ஆட்டமும் பாட்டமும் இல்லாட்டி இந்தப் பிள்ளைங்க எவ்ளோ அழகா பேசறாங்க. இருபது நிமிஷத்துல நான் ஒரு தப்புத்தான் திருத்தினேன். இதுக்கு மேல உங்களுக்கு என்ன அத்தாட்சி வேணும்?"

டீச்சர் தலை குனிந்துகொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. அழுகை என்று எண்ணிய தலைமையாசிரியைக்குக் கொஞ்சம் இரக்கமாகக்கூட இருந்தது. ஆயினும் கடமை கடமைதான். கையோடு கொண்டுவந்திருந்த ஆணையை மேசைமேல் விரித்தார்; கண்ணாடியை மாட்டிக்கொண்டார்; பேனா மூடியைத் திருகினார்.

முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்த ஒரு சிறுமி, ஜன்னல் பக்கத்திலிருந்து எழுந்து மேசையருகே வந்தாள்.

"மேடம், இப்பவே போயிடாதீங்க. யாரு உள்ள வந்தாலும் இங்கிலீஷ்ல மரியாதையா கேட்டு, சீட்டுல எழுதியிருக்கறதை அவங்களைச் செய்ய வெக்கணும்னு டீச்சர் ஆட்டம் குடுத்துட்டுப் போனாங்க. ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு ஆயிடுச்சு. இன்னும் ஒண்ணே ஒண்ணு நீங்க செஞ்சீங்கன்னா நாங்க ஜெயிச்சிடுவோம்."

தலைமையாசிரியை முப்பத்திரண்டு முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பேனாவை மெல்ல மூடினார். சிறுமி தன் கையிலிருந்த சீட்டை விரித்து, எழுத்துக் கூட்டி, 'த' எதுவும் தேவைப்படாத அந்த வாக்கியத்தைப் பிழையின்றிப் படித்தாள்.

"ப்ளீஸ் ஜம்ப், மேடம்."

பதினொன்று பதினைந்துக்கு இறுதியாகத் தீர்மானிக்கப்பட்டவை வருமாறு: ஆணை கிழிக்கப்பட்டது, டீச்சரும் விளையாட்டும் வழக்கம்போல் தொடர்வர்; வகுப்பறைக் கதவு உட்புறமாகத் தாழிடப்பட்ட பின், ஜன்னல் பக்கத்தார் ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில் வென்றனர்.