பூட்டும் நேரத்து நோயாளி

"இங்கன வலிக்குதா?"

"ஆமாய்யா. இல்ல, கொஞ்சம் மேல."

டாக்டர் சேசுராஜ் வயிற்றை இன்னும் அழுத்திப் பார்த்தார். பட்டாசு ஆலையில் திரி சுற்றும் சங்கிலிமுத்து முகம் சுளிக்கவே இல்லை.

"உமக்கு ஒண்ணுமே இல்லை. நேத்து இருளம்மாள் தலைவலின்னு வந்தா, அவளுக்கும் ஒண்ணும் இல்லை. முந்தாநாள் வள்ளித்தாய். நான் பூட்டப் போற நேரமாப் பாத்து வாரீகளே, என்ன விளையாட்டு?"

"வேலை முடிஞ்சு வர நேரமாயிருதுய்யா."

டாக்டருக்கு எரிச்சலாக வந்தது. இரண்டு மாதத்துக்கு முன், ஒரு நோயாளிக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் மயங்கி விழுந்திருந்தார். மதுரையில் இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். துடிப்பு தாளம் தப்பி ஓடுகிறது, மாத்திரையை விடக் கூடாது, தனியாக எங்கும் போகக் கூடாது என்றார்கள்.

திரும்பி வந்ததும் கம்பவுண்டர் சவரியப்பனிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "யார் கேட்டாலும் வெறும் வயித்து மயக்கம்னு சொல்லும். நோயாளி டாக்டர்கிட்ட எவன் வருவான்?"

நாரணாபுரத்துக்கு இருந்த டாக்டர், சிவகாசியிலிருந்து தினமும் சைக்கிளில் வந்துபோகும் அவர் ஒருவர்தான். பட்டாசுத் தீயில் காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் ஊர் அது. அவர் படுத்துவிட முடியுமா?

சத்து மாத்திரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பியதும் நெஞ்சுக்குள் அது தொடங்கியது. சாக்குக்குள் அடைபட்ட கோழி படபடப்பது போல ஒரு துடிப்பு, நடுவே ஒரு வெறுமை, மறுபடி படபடப்பு. மேசைக்கு அடியில் தன் நாடியைத் தானே பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அடங்கியது. நிமிர்ந்தால், சங்கிலிமுத்து தண்ணீர்ச் செம்போடு நின்றார்.

"நீரு இன்னும் போகலையா?"

"நானும் சிவகாசிக்குத்தான் வாறேன்யா. நீங்க பின்னால உக்காருங்க, சைக்கிளை நான் மிதிக்கேன்."

"உம்ம வீடு இந்தத் தெருவுலதான இருக்கு? சிவகாசியில என்ன சோலி?"

சங்கிலிமுத்து தலையைச் சொறிந்தார்.

"உண்மையைச் சொல்லும்!"

"கோவிச்சுக்கிடாதீகய்யா. கம்பவுண்டர் அன்னைக்கே எல்லாத்தையும் எங்ககிட்டச் சொல்லிட்டாரு. உங்களைத் தனியா விடக் கூடாதுன்னு வீட்டுக்கு ஒரு ஆளா முறை போட்டிருக்கோம். இன்னைக்கு எங்க வீடு."