புற்று வாசனை

மழைவெள்ளம் அடித்துக்கொண்டு போன எறும்பு ஒன்று எப்படியோ கரையேறி, கால் தேய நடந்து தன் புற்று வாசலுக்கு வந்து சேர்ந்தது. காவலுக்கு நின்ற எறும்பு அதை மீசையால் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்துவிட்டு வழியை மறித்தது.

"உங்க மேல புத்து வாசனை இல்ல. உள்ள விட முடியாது."

"தண்ணி கழுவிடுச்சு தங்கச்சி. நீ புழுவா கிடந்தப்ப வாயில ஊட்டி வளர்த்தவ நான். என் குரல் தெரியலையா?"

"குரல் தெரியுதுக்கா. வாசனை இல்லையே."

எறும்பு மேற்கொண்டு கெஞ்சவில்லை. தான் காவலுக்கு நின்ற காலத்தில் அதுவும் இதையேதான் சொல்லிப் பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

அப்போது முட்டை தின்னும் வண்டு ஒன்று வந்தது. புற்றின் குப்பைமேட்டில் நன்றாகப் புரண்டு எழுந்து வந்திருந்தது. காவல் எறும்பு அதையும் தடவிப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டது.

"அது வண்டு, தங்கச்சி."

"இருக்கட்டும். வாசனை நம்மளோடதுதான்."

எறும்பு பாய்ந்துபோய் வண்டின் முதுகைக் கட்டிக்கொண்டு, தன் உடம்பு முழுவதையும் அதன்மேல் தேய்த்தது. வண்டு அதை உதறிவிட்டு உள்ளே போய்விட்டது.

காவல் எறும்பு மறுபடியும் தடவிப் பார்த்தது. அதன் முகம் மலர்ந்தது.

"இப்பதாங்க்கா நீங்க நீங்களா இருக்கீங்க. வாங்க."

அக்கா எறும்பு நிற்காமல் உள்ளே ஓடியது. வண்டு முட்டை அறைப் பக்கம் திரும்பியிருந்தது.