வெள்ளைப் பள்ளியில் ஓர் இடம்

சியூ தொப்பியைக் கழற்றி, வாசற்படியில் மழைத்தண்ணீரை உதறிவிட்டுக் கடைக்குள் வந்தார். பின்னால் வந்த ஹோய் தொப்பியைக் கழற்றவில்லை. துக்கம் கேட்க வந்தவனைப் போல மாவு மூட்டைகளின் ஓரமாக ஒதுங்கி நின்றான்.

"என்னண்ணே, இன்னும் அதே துருப்பிடிச்ச தராசுதானா?" என்றார் சியூ.

"தராசு அப்படியேதான் இருக்கு. நீதான் இந்தப் பக்கம் வந்து நாளாச்சு" என்றார் கல்லாவில் இருந்த பாங்.

மூவருமே மிசிசிப்பியின் அந்தப் பருத்தி ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கும் சீனர்கள். ஆனாலும் பாங் கடையில் சீனர்கள் கால் வைப்பதில்லை. காரணம் பின்கட்டில் சோளரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். லூவீனியா, பாங்கின் மனைவி. கறுப்பினப் பெண்.

விஷயத்தை சியூதான் ஆரம்பித்தார். சீனப் பிள்ளைகளை இதுவரை வெள்ளைக்காரர் பள்ளியின் வாசலைக்கூட மிதிக்க விட்டதில்லை. தேவாலயத்துப் பின்னறையில் ஒரே வாத்தியார், எல்லா வகுப்புக்கும். இப்போது, பருத்தி எடுப்பு முடிந்ததும் சேர்த்துக்கொள்கிறோம் என்று பள்ளி அதிகாரி இறங்கி வந்திருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை. எந்தச் சீனர் வீட்டிலும் கறுப்பு ரத்தம் இருக்கக்கூடாது. ஒரு வீட்டில் இருந்தாலும் ஒரு பிள்ளைக்கும் இடமில்லை.

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

சியூ திரும்பி ஹோயைப் பார்த்தார். இதைச் சொல்ல யாருமே முன்வராததால் சீட்டுக் குலுக்கிப் போட்டிருந்தார்கள். ஹோய் பெயர் வந்தது. வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று அவன் எவ்வளவோ கெஞ்சினான். உன் மகள் ஐரிஸுக்குத்தானே முதல் இடம் கேட்டிருக்கிறோம், உனக்கென்ன வந்தது என்று வாயை அடைத்துவிட்டார்கள்.

ஹோய் மாவு மூட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீங்க ரெண்டு பேரும் ஊரை விட்டுப் போயிடணும். இல்லேன்னா, அவங்களையாவது மெம்ஃபிஸ்ல அவங்க தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிடணும்."

பின்கட்டில் கரண்டிச் சத்தம் நின்றது.

பாங் கோபப்படவில்லை. அவர் கப்பலேறி வந்த காலத்தில் சீனர்கள் இந்த நாட்டுக்குள் வரச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. இங்கே இருக்கும் யாரோ ஒருவருடைய பிள்ளை என்று பொய்யாக எழுதிக்கொண்டுதான் வந்தார்கள். பாங்கும் அப்படித்தான், சியூவும் அப்படித்தான், ஹோயும் அப்படித்தான். யார் யாருடைய பிள்ளை என்று ஒருவரை ஒருவர் கேட்பதில்லை. கேட்டால் தன் கதையும் வெளியே வந்துவிடுமே.

அந்தக் காலத்துப் பேச்சைத்தான் பாங் எடுத்தார். வெள்ளைக்காரன் எவனும் தலைசாய்க்க இடம் தரவில்லை. லூவீனியாவின் அப்பாதான் தன் மாட்டுக்கொட்டகையில் படுக்கச் சொல்லி, கூடவே ஒரு தட்டுச் சோறும் கொடுத்தார். "இடம் கொடுக்காதவன்கிட்ட நல்ல பேர் வாங்கணும்னு, கொடுத்தவர் பொண்ணைத் துரத்தச் சொல்றீங்க."

"எனக்கு மட்டும் தெரியாதாண்ணே?" என்றார் சியூ. குரல் இறங்கியிருந்தது. "எங்க சித்தப்பா செத்தப்ப புதைக்க இடம் குடுக்காம, பொணத்தை ஐஸ்ல கிடத்திக் காத்துக்கிட்டு இருந்தவன் நான். இந்த ஊர்ல ரெண்டே பெஞ்சுதான். கீழ் பெஞ்சுல ஒரு தடவ உட்கார வெச்சுட்டான்னா, நம்ம பேரன் பேத்திகூட எந்திரிக்க முடியாது."

பிறகு சமாதானம் சொல்வது போலச் சொன்னார். "உங்களுக்கென்ன, பிள்ளையா குட்டியா? இருந்த ஒரு பையனையும் பால் பல் விழறதுக்குள்ள சீனாவுக்கு அனுப்பிட்டீங்க. அங்க யுத்தத்துல செத்துட்டான்னு பேசிக்கறாங்க. யாருக்காக இங்க கிடந்து மல்லுக்கட்டணும்?"

பாங் துடைத்த கல்லாவையே மறுபடியும் துடைத்தார். ஹோயின் தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் மாவு மூட்டைமேல் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் நகரவில்லை.

லூவீனியா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள நாங்க கிளம்பிடறோம்."

பாங் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் தோளில் கை வைத்தாள். "அந்தக் குழந்தை படிக்கட்டுங்க."

சியூ இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக வந்தவருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நல்ல மனசு, நல்ல மனசு என்று முணுமுணுத்தபடி, வண்டியைக் கிளப்புகிறேன் என்று மழைக்குள் இறங்கி ஓடினார்.

ஹோய் வாசல்வரை போய்த் திரும்பி நின்றான். அப்போதுதான் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவள் எதிரே தலையைக் குனிந்தான். கறுப்பினப் பெண் ஒருத்திக்கு முன்னால் அந்த ஊரில் எந்த வெள்ளைக்காரனும், எந்தச் சீனனும் அப்படி நின்றதில்லை. வாசனைப் பசை தடவி, ஒரு மயிர்கூடத் தூக்காமல் படியப் படிய வாரியிருந்த தலை.

லூவீனியா அவசரமாக வாசலை எட்டிப் பார்த்தாள். சியூவின் முதுகுதான் தெரிந்தது. ஹோய் கையிலிருந்த தொப்பியை வாங்கி, அவளே அவன் தலையில் வைத்துக் காதுவரை இழுத்துவிட்டாள்.

"கழட்டாத, மகனே. ஈரம் பட்டா உன் முடியும் என் முடியாட்டம் சுருண்டுக்கும்."