பக்கத்து இருக்கை

வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி லில்யாவை மால்டோவாவிலிருந்து இத்தாலிக்குக் கூட்டிவந்து விற்றவனே, அவள் தப்பிக்கப் பார்த்தபோது கொன்றும்விட்டான். தீர்ப்பு நாளன்று அவள் அம்மா ஊரில் படுத்த படுக்கை. அந்த அம்மாவுக்காக வந்த மொழிபெயர்ப்பாளர் அவ்ரிகா தனியே உட்கார்ந்திருந்தாள். மனசு கேட்காமல், ஆளில்லாத பக்கத்து இருக்கையிடம் தங்கள் மொழியில் மெல்லச் சொன்னாள்.

"பெண் என்பதற்காகவே செய்த கொலைன்னு தீர்ப்பு. ஆயுள் தண்டனை."

"அப்ப நான் வீட்டுக்குப் போலாமாக்கா?" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

பழக்கதோஷத்தில் அவ்ரிகா அதையும் இத்தாலிய மொழியில் உரக்கச் சொல்லிவிட்டாள்.

"யார் கேட்டது?" என்றார் நீதிபதி.

கூண்டிலிருந்தவன் அந்த இருக்கையைப் பார்த்துக் கத்தினான். "உக்காருடி!"

ஆள் எழுந்தால் தானாக மடங்கிக்கொள்ளும் இருக்கை அது. பட்டென்று மடங்கியது.