பிள்ளைத்தாச்சிப் புத்தகம்

அழகுத்தாய் புத்தகத்தைக் கொடுத்துவிட்டாள். பிள்ளையைத்தான் காட்ட மறுத்தாள்.

"தூங்குதான், அண்ணே. இப்பத்தான் கண்ணசந்தான். எழுப்ப வேணாம்."

சொல்லிக்கொண்டே சேலைத் தொட்டிலை ஆட்டினாள்.

எனக்குச் சுருக்கென்றது. புத்தகம் வாங்க வருகிறவர் மடியில், கொடுக்கிறவள் தன் பிள்ளையைச் சற்று நேரம் வைக்க வேண்டும். அந்தச் சூட்டோடுதான் புத்தகம் கைமாறும். எங்கள் பக்கத்தில் வேதக்கார வீட்டுக்கும் இந்து வீட்டுக்கும் அதுதான் வழக்கம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் என் மனைவி பரிபூரணம் வலியோடு கிடந்தாள். முதல் இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதும் போய்விட்டால் அவள் மிஞ்சுவாளா என்ற பயம் எனக்கு.

அது தோலில் எழுதிய லத்தீன் ஜெபப் புத்தகம். எதன் தோல் என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை. அறுநூறு வருஷத்துக்கு முன்னால் ஏதோ வெளிநாட்டு மடத்தில் துறவிகள் கையால் எழுதியது என்று எண்பத்தைந்தில் மதுரையிலிருந்து வந்த ஒரு சாமியார் சொன்னார். பிள்ளைகுட்டியே வேண்டாமென்று மடத்துக்குப் போனவர்கள் எழுதியது, இங்கே வந்து மருத்துவச்சி வேலை பார்க்கிறது. எல்லாம் தலையெழுத்து.

முன்னொரு காலத்தில் ஒரு வெள்ளைக்காரச் சாமியார், தன் சமையல்காரர் மனைவிக்கு வலி கண்டபோது வயிற்றின்மேல் வைக்கக் கொடுத்தாராம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அவளிடமிருந்து அடுத்தவள் வாங்கினாள், அவளிடமிருந்து இன்னொருத்தி. கூமாப்பட்டி கருத்தம்மாள் வைத்த மஞ்சள் பொட்டு இன்னும் அட்டையில் இருக்கிறது. கடைசியாகப் பெற்றவள் எவளோ அவள்தான் சொந்தக்காரி. அடுத்தவளுக்கு வலி காணும்வரைதான் அந்தச் சொந்தமும்.

மதுரைச் சாமியார் நூலகத்தில் பத்திரப்படுத்தக் கேட்டார். பிள்ளைத்தாச்சி யாரும் இல்லாத நாளாகப் பார்த்து வரச் சொன்னார்கள். மனிதர் திரும்ப வந்தபாடில்லை.

ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. வைத்திருக்கிற வீட்டில் பிள்ளை தவறிவிட்டால், புத்தகம் வேதக்கோயில் பீடத்தில் ஒரு வருஷம் கிடந்துதான் வெளியே வரும். எங்கள் இரண்டாவது பிரசவத்தின்போது அது பீடத்தில்தான் கிடந்தது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் காலில் விழாத குறையாகக் கேட்டேன். தரவில்லை.

அதனால்தான் இந்தத் தடவை வலி கண்டதும் சுந்தரபாண்டியத்துக்கு ஓடிவந்தேன்.

"ஒரு எட்டுப் பாத்துட்டாவது போறேன், தாயி" என்று தொட்டில் பக்கம் நகர்ந்தேன்.

அழகுத்தாய் குறுக்கே வந்து நின்றாள். அவள் புருஷன் சங்கிலிப்பாண்டி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு விளங்கிவிட்டது. இரண்டைப் பறிகொடுத்தவன் கண் தன் பிள்ளைமேல் பட்டுவிடக் கூடாதென்று நினைக்கிறாள். ராசியில்லாதவனாம் நான். வயிறெரிந்தது.

அவள் சேலை முந்தி மார்போடு நனைந்திருந்தது. பால் இப்படிக் கட்டிக்கொண்டு வழிகிறதே, அதற்காகவாவது பிள்ளையை எழுப்பக் கூடாதா?

"ஒம்பிள்ளைய நான் ஒண்ணும் கடிச்சுத் தின்னுற மாட்டேன்" என்றேன்.

அவள் தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தவில்லை.

வந்தவரை லாபம் என்று, இராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியிலிருந்து கொண்டுபோயிருந்த பேண்டேஜ் துணியில் புத்தகத்தைச் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். புது வீட்டுக்குப் போகும்போது புதுத் துணி சுற்ற வேண்டும். அந்த முறையையாவது நான் விடவில்லை.

சங்கிலிப்பாண்டி கேட்காமலே பஸ் நிற்கும் இடம்வரை கூட வந்தான். நான் விறுவிறுவென்று முன்னால் நடந்தேன். அப்படிப்பட்டவனோடு எனக்கென்ன பேச்சு?

பஸ் வந்தது. ஒரு காலைப் படியில் வைத்தபோது என் முழங்கையைப் பிடித்தான்.

"அண்ணாச்சி, உசுரு விசயம், ஒங்களுக்குச் சொல்லாம விட்டா பாவம். பொஸ்தகத்தக் கோயில்ல குடுத்துருவம்னு சொன்னேன். அவ கேக்கல. அந்த அக்காவுக்கு இதுவும் போயிரக் கூடாதுன்னு ஒத்தக்கால்ல நிக்கா."

நான் விளங்காமல் பார்த்தேன்.

"நேத்துப் பொழுதடைய ஓடைக்கரையில புதைச்சிட்டு வந்தோம். காய்ச்சல்தான். ஒரே ராத்திரிக் காய்ச்சல்."

கண்டக்டர் ஏறச் சொல்லிச் சத்தம் போட்டார். கையிலிருந்ததை அவனிடமே கொடுத்துவிடலாம். கோயிலில் ஒப்படைத்துவிடச் சொல்லலாம். அதுதான் முறை.

நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கடித்துத் தின்னமாட்டேன் என்று சொன்ன என் வாயை ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் கையால் பொத்திக்கொண்டே வந்தேன். பக்கத்து ஆள், பஸ் குலுக்கலில் குமட்டுகிறதென்று நினைத்து ஜன்னலோரத்தைக் கொடுத்தார்.

பரிபூரணம் வெளிறிப்போய்க் கிடந்தாள். துணியைப் பிரித்து அவள் வயிற்றின்மேல் வைத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அழகுத்தாய் மவன மடியில வாங்குனியளா?"

"வாங்குனேன்."

அவள் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மடியில் வைத்த பிள்ளை சிரித்தால் சுகப்பிரசவம் என்பது எங்கள் பக்கத்துப் பெண்கள் கணக்கு.

"சிரிச்சானா?"

"சிரிச்சான்" என்றேன்.