ஆளில்லாத வயல்

"எல்லாம் பிரமாதம். இந்த ஆளுங்களை மட்டும் எடுத்துடுங்கம்மா," என்றார் மேனேஜர்.

அச்சுக்காரியின் மேசையில், மை காயாத சோதனைத் தாளில், முதலாளியின் கிழங்கு வயல் விரிந்து கிடந்தது. நடுவே ஒன்பது பெண்கள் குனிந்து கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

நாளைக்குப் புது ஆபீஸ் திறப்பு. வரவேற்பறைச் சுவருக்கு இந்தப் படம்தான். முதலாளிக்கு நிலம் வேண்டுமாம், மேகம் வேண்டுமாம், தூரத்து மலை வேண்டுமாம். ஆட்கள் மட்டும் வேண்டாமாம். நன்றாயிருக்கிறது கதை! கிழங்கு என்ன, தானாக எழுந்துபோய் மூட்டைக்குள் உட்காருமா?

நாலு நாள் வரப்பில் உட்கார்ந்து அவள் வரைந்தபோது, "எங்களையும் போடுவியாம்மா?" என்று அந்தப் பெண்கள் கேட்டிருந்தார்கள். கட்டாயம் போடுவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த ஆபீஸ் படியை அவர்கள் மிதிக்கப்போவதில்லை. படத்திலாவது உள்ளே போகட்டுமே.

முடியாது என்றால் மேனேஜர் வேறு ஆளிடம் போவார். அங்கே ஒன்பது பேரும் இருந்த சுவடே தெரியாமல் போய்விடும்.

"எடுத்துட்டாப் போச்சு," என்றாள்.

அந்தப் படத்தைச் செதுக்கியிருந்த மரப்பலகையை இழுத்துப்போட்டு உளியை எடுத்தாள். ஒன்பது உருவங்களையும் ஓரம் பிசகாமல் குடைந்து எடுத்தாள். குடைந்த இடத்தில் மை ஒட்டாது என்பது மேனேஜருக்கு எப்படித் தெரியும், பாவம்! அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

உருளையால் மை தடவி, தாளை வைத்து, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்து, உரித்தாள்.

கறுத்த வயலில் ஒன்பது பேர் வெள்ளை வெளேரென்று குனிந்திருந்தார்கள். முன்பாவது மண்ணோடு மண்ணாக இருந்தார்கள். இப்போது வாசலில் நின்று பார்த்தாலே தெரியும்.

நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று காத்திருந்தாள். மேனேஜர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் விரல், ஒரு கையை இடுப்பில் ஊன்றிக் குனிந்திருந்த உருவத்தின் பக்கத்தில் போய் நின்றது.

"இது எங்கம்மா," என்றார். "ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. எடுக்கச் சொன்னது முதலாளி இல்ல. நான்தான்."

நாலு நாளும் அந்த அம்மாள் அவளிடம் மகனைப் பற்றி ஒரு வார்த்தை விட்டதில்லை.

மரத்துண்டு பதித்துக் குழிகளை அடைக்கலாம், மேலே மண்ணைச் செதுக்கிவிடலாம், சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். இவ்வளவு நேரம் சொல்லாமல் வைத்திருந்த வழியை இப்போது அவளே சொன்னாள்.

மேனேஜர் ஈரத்தாளை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"வேண்டாம்மா," என்றார். "அவங்களை இன்னும் எத்தனை தடவைதான் எடுக்கிறது?"